குறைந்த செலவில் குடும்ப முகாம்



விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் வாரத்தில், 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்வது நம் பள்ளிகளில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் இரண்டே வரிகள் எழுதிக் கொடுத்தான். "நான் எங்கும் செல்லவில்லை. அப்பாவுக்கு வேலை, அம்மாவிடம் காசு இல்லை." எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. எத்தனை புள்ளிகள் இடுவது என்று தெரியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

தங்கும் விடுதியில் ஓர் அறைக்கு ஓரிரவு கொடுக்கும் வாடகை, செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளிக்கு இரண்டு மூன்று நாள் கூலியாகும். ஆகவே நம் குடும்பங்கள் விடுமுறை என்னும் சொல்லையே மறந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் கூடாரமடித்துத் தங்குவது செல்வர்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கு அன்று. சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல், 1907ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடத்திய முதல் முகாமில் சுமார் 20 சிறுவர்கள் கலந்துகொண்டனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளையும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் அவர் வேண்டுமென்றே ஒன்றாகக் கலந்து வைத்திருந்தார்.

கடையில் விற்கும் கூடாரத்தை முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 12 அடிக்கு 16 அடி அளவுள்ள பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்றும் நைலான் கயிறும் போதும். ஐந்தாறு எட்டு இடைவெளியுள்ள இரண்டு மரங்களுக்கு இடையே நெஞ்சளவு உயரத்தில் கயிற்றை இறுக்கிக் கட்டுக. 16 அடி நீளம் இருபுறமும் எட்டெட்டு அடியாகச் சரியுமாறு தார்ப்பாயைக் கயிற்றின்மேல் போட்டு, ஓரங்களை முளையடித்து இழுத்துக் கட்டுக. தரையில் விரிக்கும் பிளாஸ்டிக் பாய் கூரையின் ஓரத்துக்கு வெளியே ஒரு விரலளவும் நீண்டிருத்தலாகாது. நீண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் மழைநீர் முழுவதும் பாயின்மேல் ஓடி உள்ளே வந்துவிடும். பயிற்சிக் கல்லூரியில் படித்த நாளில் விரிவுரையாளர் இதை மும்முறை சொன்னார். நான் கேட்கவில்லை. விடியும்வரை உட்கார்ந்தபடியே இருந்தேன்.

முதல் இரவைத் தொலைவில் கழிக்க முயல வேண்டா. பள்ளித் திடலிலோ வீட்டின் பின்புறத்திலோ ஓரிரவு தங்கிப் பாருங்கள். விளக்கை மறந்தது, கொசுவலை கிழிந்திருப்பது, கடைக்குட்டி இருட்டைக் கண்டு அழுவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். நள்ளிரவில் மனம் மாறினால் நடந்து வீட்டுக்குப் போய்விடலாம். அடுத்த விடுமுறையில் வெளியூர் செல்லலாம். நெகிரி செம்பிலானில் இருப்பவர்களுக்குச் சிரம்பானிலிருந்து கோலப்பிலா செல்லும் சாலையில் அங்சி மலையடிவாரத்து உலு பெண்டுல் வனப்பூங்கா இருக்கிறது. மற்ற மாநிலங்களிலும் இத்தகைய வனப்பூங்காக்கள் பல உள்ளன. வெள்ளத்துக்குப் பின் சில இடங்களை மூடிவிடுவதுண்டு. ஆகையால் திறந்திருக்கிறதா, கட்டணம் எவ்வளவு, இரவு தங்க அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிக.

இனிச் சொல்லப்போவதைப் பெற்றோர் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கூடாரத்தில் சிக்கனம் செய்யலாம், உணவில் செய்யலாம். கூடாரம் அடிக்கும் நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் சிக்கனமோ சோம்பலோ கூடாது.

நான் இளம் ஆசிரியனாய் இருந்தபோது மனைவி மக்களுடன் ஓர் ஆற்றங்கரைக்குச் சென்றேன். வெண்மணல் திட்டு ஒன்று பாய் விரித்தாற்போலக் கிடந்தது. அங்கேயே கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். மீன் பிடிக்க வந்திருந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வாத்தியாரையா, அதை யார் கொண்டுபோய் மாட்டினது?" என்று கேட்டார். அவர் காட்டிய இடத்தில், என் தோளுயரத்தில் இருந்த மரக்கிளையில், காய்ந்த சருகும் புல்லும் கந்தல் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆறு கொண்டுவந்து மாட்டியவை அவை. வெட்கத்துடன் மூட்டைகளை மேட்டுக்கு எடுத்துச் சென்றோம். அன்றிரவு எங்கள் தலைமேல் ஒரு துளி மழையும் இல்லை. ஆயினும் விடிந்து பார்த்தபோது அந்த மணல் திட்டைக் காணவில்லை.

மேலே மலையில் பெய்த மழை திடீரெனத் திரண்டு இறங்குவதை மலாய்க்காரர்கள் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்பது அதன் பொருள். தெளிந்த நீர் சட்டெனக் கலங்குதல், சுள்ளிகளும் இலைகளும் மிதந்து வருதல், நீரின் இரைச்சல் மாறுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பாத்திரத்தை எடுக்கவோ துணியை எடுக்கவோ நில்லாமல் பிள்ளைகளுடன் மேட்டுக்கு ஓட வேண்டும்.

மேடு என்றவுடன் செங்குத்தான சரிவின் அடியில் போய்ப் படுத்துவிடக் கூடாது. 2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியுமுன் பத்தாங்காலியில் மேலிருந்த சாலையோரச் சரிவு இடிந்து முகாமின்மேல் விழுந்தது. சிக்கிய 92 பேரில் 31 பேர் மாண்டனர். அவர்களுள் ஆசிரியர்களும் இருந்தனர், சிறுவர்களும் இருந்தனர். அவ்விடத்துக்கு முகாம் நடத்தும் உரிமம் இல்லை என்பது பின்னரே வெளிவந்தது. ஆகவே கட்டணம் கொடுக்குமுன் உரிமம் உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டா. நமக்குப் பணிந்து பழக்கமே தவிரக் கேட்டுப் பழக்கமில்லை. மேலே மண்வெட்டுச் சரிவும் பட்ட மரமும் டுரியான் மரமும் இல்லாத இடமே படுக்கத் தக்க இடம்.

மேற்குக் கரை மாநிலங்களில் பருவம் மாறும் மாதங்களில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலேயே வரும். எனவே நண்பகலுக்குள் கூடாரம் எழும்பிவிட வேண்டும்.

உணவைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அரிசி, வீட்டிலேயே வறுத்த நெத்திலிச் சம்பல், முட்டை, சாடின் டின் இரண்டு போதும். ஆற்றுநீரைக் கொதிக்க வைக்காமல் குடித்தலாகாது. காலில் புண் உள்ள பிள்ளை ஆற்றில் இறங்குதலும் நன்றன்று. எலியின் சிறுநீர் கலந்த நீரால் வரும் காய்ச்சல் புண் வழியாகவும் உடலுள் புகும். கரியடுப்பையோ எரிவாயு அடுப்பையோ மழைக்குப் பயந்து கூடாரத்துக்குள் வைத்தால், மணமில்லாத நச்சுக்காற்று உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையலை அப்பாவும் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்க. லயத்து அடுப்பை ஆற்றங்கரைக்கு மாற்றுவது அம்மாவுக்கு விடுமுறை ஆகாது. அப்பாமார்களுக்கு இன்னொரு வார்த்தை: மதுப்புட்டி எதுவும் மூட்டையில் ஏறக்கூடாது. இரவில் ஆற்றின் ஓசை மாறினால் அதைக் கேட்டு எழுப்ப ஒருவருக்காவது தெளிந்த காது வேண்டும்.

நம் பள்ளிச் சாமான் அறையில் சாரணர் குழுவின் பழைய கூடாரங்கள் இரண்டும், கயிறும் முளைகளும் உள்ளன. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டபின் பெற்றோர் வந்து பேரேட்டில் பெயரெழுதிவிட்டு எடுத்துச் செல்லலாம். கட்டணம் இல்லை. திங்கட்கிழமை திரும்பி வரும்போது கூடாரம் வெயிலில் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் வாங்கமாட்டேன்.