ஊசி மாறினால் யார் பதில் சொல்வது?

ராயபுரம், திருப்பூர்.

அன்புள்ள அம்மிணிக்கு,

நர்ஸிங் படிப்பில் சேரப்போகும் உனக்கு இந்தக் கேள்வி இப்போதே வந்தது நல்லது. நர்ஸ் ஊசியை மாற்றிப் போட்டுவிட்டால் நோயாளியின் குடும்பம் யாரைக் கேட்கும், நர்ஸையா, டாக்டரையா, ஆஸ்பத்திரியையா என்று எழுதியிருந்தாய். தவறு நடந்தது நர்ஸின் கையாலாகவே இருக்கட்டும். நஷ்டஈட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆஸ்பத்திரிதான் என்பது என் முடிவு. நோயாளிக்குப் பணம் வந்து சேர்வதும் அப்போதுதான், நர்ஸுக்கு நியாயம் கிடைப்பதும் அப்போதுதான். பனியன் கம்பெனியிலிருந்து போன பீஸில் தையல் பிரிந்திருந்தால், எந்த டெய்லர் தைத்தார் என்று பையர் தேடி வருவதில்லை. கம்பெனியின் பில்லில் பிடித்தம் செய்கிறார். செக்கிங்கையும் பேக்கிங்கையும் தாண்டி அந்தப் பீஸ் வெளியே போக விட்டது கம்பெனிதானே?

சட்டமும் இப்படித்தான் பார்க்கிறது. 1993 டிசம்பர் கடைசியில், டெல்லியின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் டைபாய்டு காய்ச்சலோடு ஒரு சிறுவன் படுத்திருந்தான். டாக்டர் எழுதியது குளோரம்பெனிகால். நர்ஸ் அதைக் குளோரோகுயின் என்று படித்து, மலேரியாவுக்கான அந்த மருந்தைத் தகப்பனாரிடம் வாங்கி வரச் சொல்லி நரம்பில் ஏற்றிவிட்டார். பிள்ளை தாயின் மடியிலேயே சாய்ந்தான், இதயம் நின்றது, உயிர் திரும்பியது, ஆனால் மூளை மீளவில்லை. தேசிய நுகர்வோர் ஆணையம் பிள்ளைக்கு 12.5 லட்சமும், பெற்றோரின் மன வேதனைக்கு 5 லட்சமும் கொடுக்கச் சொன்னது. 1998 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இதில் நீ கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நர்ஸ் எந்த நர்ஸிங் கவுன்சிலிலும் பதிவு செய்தவர் அல்ல. தகுதியில்லாதவரை வேலைக்கு வைத்து, அவர் கையில் ஒரு குழந்தையை ஒப்படைத்ததே ஆஸ்பத்திரியின் குற்றம் என்று நீதிமன்றம் பார்த்தது. பெயர் ஒத்துப்போகும் இரண்டு மருந்துகள், சரிபார்க்க இன்னொரு கண் இல்லாத வார்டு, படிப்பில்லாத ஊழியர்: இம்மூன்றையும் கூட்டி வைத்தது நிர்வாகம். 2004-இல் சவிதா கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது. கவனித்த டாக்டரையோ நர்ஸையோ பெயர் சொல்லி வழக்கில் சேர்க்காவிட்டாலும் வழக்கு நிற்கும். தவறு நடந்ததற்கான அடையாளத்தை நோயாளி தரப்பு காட்டிவிட்டால், கவனக்குறைவு இல்லை என்று நிரூபிக்கும் சுமை ஆஸ்பத்திரியின் மேல் விழும்.

ஆஸ்பத்திரி பணம் கட்டிவிடும் என்றால் நர்ஸுக்குப் பயம் விட்டுப் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. பயம் எதைச் செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. 2017 டிசம்பரில் டென்னசி மாநிலத்தின் வாண்டர்பில்ட் மருத்துவமனையில் ஒரு நர்ஸ், மயக்கத்துக்கான வெர்செட் மருந்துக்குப் பதில், தசைகளை முடக்கும் வெகுரோனியத்தை எடுத்துப் போட, நோயாளி இறந்தார். மருந்து அலமாரியின் கணினியில் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளை மட்டும் தட்டியதில் மாறிப்போனது. தவறை உடனே ஒப்புக்கொண்டவர் அவரே. ஆனாலும் 2022-இல் குற்ற வழக்கில் தண்டனை பெற்றார். சிறைக்குப் பதில் மூன்றாண்டு நன்னடத்தைக் காவல். இனி எந்த நர்ஸ் வாய் திறந்து தவறைச் சொல்வார் என்று அந்த நாட்டுச் செவிலியர் சங்கங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. மறைக்கப்பட்ட ஊசிக்கு மாற்று மருந்து கொடுக்க யாராலும் முடியாது. நம் நாட்டிலோ, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் நேர்ந்தால் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. பதிவு பெற்ற மருத்துவருக்கு மட்டும் அது இரண்டாண்டு. அந்தச் சலுகைக்குள் நர்ஸ் வரவில்லை. இது எனக்கு அநீதியாகவே படுகிறது.

ஆனால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டாலே தவறு நடந்துவிட்டது என்று அர்த்தமல்ல. டிரிப்ஸ் ஏற்றிய கை வீங்குவது நன்றாகப் பார்த்துக்கொண்ட வார்டிலும் நடக்கும். அந்த வேலையில் தேர்ந்த ஒருவர் சாதாரணமாகக் காட்டும் கவனம் காட்டப்பட்டதா என்பதே கேள்வி. 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கு வகுத்த அளவுகோலும் அதுதான். கை வீங்கியது தவறல்ல; வலிக்கிறது என்று இரவெல்லாம் சொல்லியும் யாரும் வந்து ஊசியை எடுத்துப் பார்க்காதது தவறு. மருந்து மாறுவது, அளவு கூடுவது, ஒவ்வாமை என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தும் அதே மருந்தைப் போடுவது, இரத்த அழுத்தம் இறங்குவதைக் கண்டும் டாக்டரைக் கூப்பிடாதது: இவற்றைப் புரிந்துகொள்ளப் பல சமயம் நிபுணர்கூட வேண்டாம். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று 2010-இல் கிஷன் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

அப்படியானால் எல்லாம் காகிதத்தில்தான் வந்து நிற்கிறது. நம்மவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அது சுருக்கம், எந்த ஊசி எத்தனை மணிக்கு, யார் போட்டது என்பது அதில் இருக்காது. அது இருப்பது மருந்து சார்ட்டிலும் நர்ஸ் நோட்டிலும். நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்றும், மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்றும் மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. வாயால் கேட்டால் போதாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்க வேண்டும்.

எங்கே போவது? தனியார் ஆஸ்பத்திரி என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1995-இலேயே உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவிட்டது. சம்பவம் நடந்த இரண்டாண்டுக்குள் மனு போட வேண்டும். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீ குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ மனு கொடுக்கலாம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் இங்கே வந்து உழைப்பவர்களுக்கு இது பெரிய வசதி. பனியன் தொழிலாளிக்கு அதைவிட முக்கியமானது, தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ.யின் ஆஸ்பத்திரி. அங்கே வைத்தியம் இலவசம்தானே, எப்படிக் கேட்பது என்று பலர் தயங்குகிறார்கள். இலவசம் அல்ல அம்மிணி. சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடமிருந்தும் 3.25 சதவீதம் முதலாளியிடமிருந்தும் போகிறது. இந்தச் சந்தாவைக் காரணம் காட்டித்தான் 2007-இல் கிஷோர் லால் வழக்கில், இ.எஸ்.ஐ. நோயாளியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமான அரசு ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. அங்கே உயர் நீதிமன்ற ரிட் மனு இருக்கிறது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கிருமி உள்ள இரத்தம் ஏற்றப்பட்டதே, அதில் 25 லட்சம் ரூபாய் கொடுக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அடுத்த ஆண்டே உத்தரவிட்டது.

இழுத்தடிப்பார்களே என்ற கவலையை நான் லேசாக எண்ணவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் வாய்தாவுக்கு லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் போகும். அந்த டெல்லிச் சிறுவனின் வழக்குக்கே நான்கு ஆண்டுக்கு மேல் ஆனது. இவ்வளவு அலைந்த பிறகாவது பணம் கைக்கு வர வேண்டும், அதனால்தான் நர்ஸைத் தேடாமல் ஆஸ்பத்திரியைக் கேள் என்கிறேன். 2017 நவம்பரில் சென்னையில் மருத்துவப் பணிகள் இயக்ககமான டி.எம்.எஸ். வளாகத்தில் போராடிய ஒப்பந்தச் செவிலியர்களின் மாத ஊதியம் 7,700 ரூபாய். அப்படிப்பட்டவர்மேல் தீர்ப்பு வாங்கினாலும் நோயாளிக்கு என்ன கிடைக்கும்? நிர்வாகத்திடம் பணமும் இருக்கிறது, காப்பீடும் இருக்கிறது. ஆள் பற்றாக்குறையைத் தீர்க்கும் அதிகாரமும் அங்கேதான் இருக்கிறது. நஷ்டஈடு கட்ட நேர்ந்தால்தான், இரவில் இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டுக்கு ஒருவரைப் போடுவது லாபமா என்று அது கணக்குப் பார்க்கும்.

நீ வேலைக்குப் போன பிறகு, போட்ட ஊசியையும் மணியையும் போட்ட கையோடு எழுதிவிடு. டாக்டரைக் கூப்பிட்டும் அவர் வரவில்லை என்றால் அதையும் எழுது. தவறு நடந்தால் உடனே டியூட்டி டாக்டரிடம் சொல். பிறகு யாராவது வந்து அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதச் சொன்னால், மேட்ரனே சொன்னாலும், முடியாது என்று சொல்லிவிடு. வழக்கு வந்தால் நோயாளிக்கும் உனக்கும் சேர்த்துச் சாட்சி சொல்லப்போவது அந்தப் பக்கம்தான்.

அன்புடன்,
உன் பெரியப்பா