மேல்வரிசையின் உள்பக்கத்தையும் பாருங்கள்

கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கிளினிக் போட்டிருக்கும் இளம் பல் டாக்டருக்கு,

சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர், "பல்லு கூசுது டாக்டர்" என்றுதான் நாற்காலியில் சாய்வார். கூச்சத்துக்கான பேஸ்ட்டை எழுதிக் கொடுத்தால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடலாம். அதற்கு முன், கண்ணாடியை மேல் முன்பற்களுக்குப் பின்னால் நுழைத்து, காற்றடித்து ஈரத்தைப் போக்கிவிட்டுப் பாருங்கள். எனாமலின் மேடுபள்ளம் மழுங்கி, வழவழவென்று, உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் எட்டிப் பார்க்கிறதா? கீழ்க் கடைவாய்ப் பற்களின் முனைகளில் சின்னச் சின்னக் குழிகள் தெரிகின்றனவா? பழைய வெள்ளி அடைப்பு தீவு மாதிரி உயர்ந்து நிற்கிறதா? அடைப்பு வளரவில்லை, சுற்றியிருந்த பல்தான் கரைந்து இறங்கியிருக்கிறது.

இந்த அடையாளங்கள் இரைப்பை அமிலம் வாய்வரை ஏறி வருவதை (ரிஃப்ளக்ஸ்) காட்டலாம். எனாமல் கரையத் தொடங்குவது பி.எச். 5.5 வாக்கில். இரைப்பை அமிலமோ 1-க்கும் 2-க்கும் நடுவில். தூக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் குறைந்துவிடுவதால், மேலேறி வந்த அமிலம் பல்லிலேயே தங்கும். விடிந்ததும் வயிறு முட்டச் சாப்பிட்டு அப்படியே படுக்கிற ஷிஃப்ட் தொழிலாளிக்கு இது பகல் தூக்கத்தில் நடக்கும்.

1971-லேயே ஹௌடன் என்பவர் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில், ஹயாட்டஸ் ஹெர்னியா ஒன்று முதலில் பல் அரிப்பாக வெளிப்பட்டதை எழுதினார். ரிஃப்ளக்ஸ் நோய்க்காக 2006-இல் வெளியான மான்ட்ரியல் வரையறை, இருமல், குரல்வளை அழற்சி, ஆஸ்துமா ஆகியவற்றோடு பல் அரிப்பையும் ரிஃப்ளக்ஸுடன் தொடர்பு நிறுவப்பட்டவற்றில் சேர்த்தது. நெஞ்செரிச்சலே இல்லாதவருக்கும் இந்த அரிப்பு வரலாம். வயிற்று டாக்டருக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுவது அதனால்தான்.

"ஆசிட் ரிஃப்ளக்ஸ் இருக்கா?" என்றால் இல்லை என்பார்கள். "புளிச்ச ஏப்பம் வருதா, படுத்தா எதுக்களிக்குதா, மெடிக்கல்ல கேஸ் மாத்திரை வாங்கிப் போடுறீங்களா?" என்று கேளுங்கள். பிகார், ஒடிசா ஆட்களிடம் "கட்டி டகார் ஆத்தீ ஹை க்யா?" போதும். குடித்துவிட்டு வாந்தி எடுப்பதுண்டா என்பதைத் தனியாகக் கேளுங்கள். அடிக்கடி வாந்தி எடுப்பவர் வாயிலும் இதே உள்பக்கம்தான் தேயும்.

உங்கள் ஊரில் இன்னொரு அமிலமும் உண்டு. பேட்டரி சார்ஜ் செய்யும் அறையிலும், இரும்பை அமிலத் தொட்டியில் முக்கிக் கழுவும் இடத்திலும் எழும் ஆவி, உதடு மூடாத முன்பற்களின் வெளிப்பக்கத்தையும் நுனியையும்தான் அரிக்கும். ஆகவே எந்தக் கம்பெனி என்பதோடு நிறுத்தாமல், எந்த செக்‌ஷன் என்றும் கேட்க வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அங்கே தீர்ப்பு சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

காரணத்தை விட்டுவிட்டு கிரௌன் போடத் துடிக்காதீர்கள். முதலில் மருத்துவருக்குச் சீட்டு. நோயாளி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறவர். 'வயிற்றைப் பார்க்கவும்' என்று மொட்டையாக எழுதாமல், எந்தப் பல்லில் எந்தப் பக்கம் எவ்வளவு அரிப்பு என்று விவரமாக எழுதுங்கள். "ஸ்கோப்புல ஒண்ணும் இல்லன்னுட்டாங்க" என்று திரும்பி வந்தால் சந்தேகத்தைக் கைவிட வேண்டாம். ரிஃப்ளக்ஸ் உள்ள பலருக்கு உணவுக்குழாய் சுத்தமாகத்தான் தெரியும்; அதன்பிறகும் 24 மணி நேர பி.எச். பரிசோதனை இருக்கிறது. அமிலம் குறைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும் என்பதை நீங்களும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். சாப்பிட்டபின் போடுகிறவர்கள்தான் அதிகம்.

எதுக்களித்தவுடன் பிரஷ் எடுக்கக் கூடாது, இளகிய எனாமல் தேய்ந்துவிடும். தண்ணீரில் சமையல் சோடா கரைத்துக் கொப்பளிக்கட்டும், ஃப்ளோரைடு பேஸ்ட் தொடரட்டும். அதிகம் கூசும் இடத்துக்கு மட்டும் இப்போதைக்கு காம்போசிட் வையுங்கள். போட்டோ எடுத்து, பல் அச்சில் தேதி எழுதி வைத்தால், ஆறு மாதம் கழித்து வரும்போது தேய்மானம் நின்றதா என்று ஒப்பிடலாம். கிரௌன் பேச்சை அப்போது எடுக்கலாம்.