அறுவைக்கு முன் கண்ணைக் கழுவுவது ஏன்?

கண்புரை அறுவைக்கு வரும் முதியவர்கள் பலர், அறுவை அரங்கில் கண்ணில் விடப்படும் பழுப்பு நிற மருந்தைக் கண்டு அஞ்சுகின்றனர். "புண்ணுக்குத் தடவும் மருந்தைக் கண்ணில் விடலாமா?" என்று உடன் வந்தோரும் வினவுகின்றனர். வேறு சிலரோ, கண் தூய்மையாக இருக்கட்டும் என்று எண்ணி, வீட்டிலேயே நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், பன்னீர் முதலியவற்றை விட்டு வருகின்றனர். முதலாவது பார்வையைக் காப்பது. இரண்டாவது பார்வைக்கே கேடு விளைவிக்கக்கூடியது. அதன் காரணத்தை இங்கே காண்போம்.

கிருமி எங்கிருந்து வருகிறது?

2016ஆம் ஆண்டு மேட்டூரில் கண்புரை அறுவை செய்துகொண்டோர் பலருக்குத் தொற்று ஏற்பட்டுப் பார்வை பாதிக்கப்பட்டதை நம் மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே சமயத்தில் பலருக்குத் தொற்று வருமாயின், அறுவையில் பயன்படும் திரவம், கருவி, அரங்கு ஆகியவற்றில்தான் முதலில் குறையைத் தேட வேண்டும். அதனைத் தடுப்பது மருத்துவமனையின் கடமை.

எங்கோ ஒருவருக்கு மட்டும் வரும் தொற்று வேறு வகையானது. அதற்குக் காரணமான கிருமி பெரும்பாலும் அவருடைய இமையோரத்திலேயே இருந்ததாகும். நலமான கண்ணின் மேற்புறத்திலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைக் கிருமிகள் தீங்கின்றி வாழ்கின்றன. அறுவையின்போது அவை உள்ளே புகுந்துவிட்டால் நிலைமை மாறுகிறது. கண்ணின் உட்புறத்தை நிரப்பியிருக்கும் கூழ்மத்தில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே, கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் அங்கு விரைந்து சேர இயலாது. கிருமிகள் பெருகிச் சில நாட்களிலேயே பார்வையை அழித்துவிடக்கூடும்.

நீர் போதாதா?

நீர் அழுக்கை அகற்றும், கிருமியைக் கொல்லாது. பொவிடோன் அயோடினிலிருந்து வெளிப்படும் அயோடின் கிருமிகளின் புரதங்களைச் சிதைத்து அவற்றைக் கொல்கிறது. கண்ணுக்குரிய கரைசலின் செறிவு பொதுவாக 5 விழுக்காடு. 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இக்கரைசலைப் பயன்படுத்தியவர்களிடையே உட்கண் தொற்று, வேறொரு பழைய மருந்தைப் பயன்படுத்தியவர்களிடையே கண்டதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவே இருந்தது.

இம்மருந்து தன் வேலையைச் செய்யச் சில நிமிடங்கள் தேவை. அதுவரை கண்ணைத் துடைத்தலும் கையால் தொடுதலும் கூடாது. மரத்துப்போகும் சொட்டு மருந்து முன்னரே விடப்படுவதால் எரிச்சல் பெரிதும் குறையும். அயோடின் மருந்தால் முன்பு ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள்.

கழுவுதலோடு காப்பு முடிந்துவிடுவதில்லை. மதுரையில் 1976இல் தொடங்கப்பெற்று, இன்று சேலத்திலும் இயங்கிவரும் அரவிந்த் கண் மருத்துவமனையினர், 6 லட்சத்திற்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளை ஆராய்ந்து 2017இல் முடிவுகளை வெளியிட்டனர். அறுவையின் முடிவில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணின் உள்ளே செலுத்தியபோது, தொற்று 10,000 பேரில் 7 என்பதிலிருந்து 2 ஆகக் குறைந்ததை அவர்கள் கண்டனர்.

கண்ணீர்ப் பாதைச் சோதனை

அறுவைக்கு முன்னர், இமையின் மூக்கோர முனையிலுள்ள சிறு துளை வழியே உப்பு நீர் செலுத்தப்படுவதும் உண்டு. நீர் தொண்டையில் இறங்கினால் பாதை திறந்துள்ளது என்று பொருள். சீழ் எதிர்த்து வெளிவந்தால், கண்ணீர்ப் பையில் கிருமி தேங்கியுள்ளது என அறியலாம். அதனை முதலில் குணப்படுத்திய பின்னரே கண்புரை அறுவை நடைபெறும். நாள் தள்ளிப்போகிறதே என வருந்த வேண்டா. அந்தத் தாமதம் கண்ணைக் காக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. அறுவைக்கு முந்தைய நாள் தலைக்குக் குளித்து, முகத்தையும் மூடிய இமைகளையும் சோப்பிட்டுக் கழுவுங்கள். கண்மை, தலையெண்ணெய், திருநீறு ஆகியவற்றை அறுவை நாளன்று தவிருங்கள்.

2. கோழிப்பண்ணை, விசைத்தறி, லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை முதலிய தூசு மிகுந்த இடங்களில் பணிபுரிவோர், மருத்துவர் குறிப்பிடும் நாள் வரை வேலைக்குச் செல்ல வேண்டா.

3. இமையோரத்தில் செதில், கண்ணில் பீளை, ஓயாத நீர்வடிதல் இருப்பின் மறைக்காமல் சொல்லுங்கள்.

4. கடையில் விற்கும் புண் மருந்தைக் கண்ணில் விடாதீர்கள். அதன் செறிவு வேறு. நுரை தரும் வகையோ கருவிழியையே புண்ணாக்கும்.

5. அறுவைக்குப் பின், மருத்துவர் அனுமதிக்கும் வரை கண்ணில் நீர் படவிடாதீர்கள்.

முதல் நாள் சிறு உறுத்தல் இயல்பே. வலி கூடினாலோ, பார்வை மங்கினாலோ, கண் மிகச் சிவந்து சீழ் வந்தாலோ விடியட்டும் என்று காத்திராமல், இரவாயினும் உடனே புறப்பட்டு வாருங்கள். இத்தொற்றில் ஒவ்வொரு மணி நேரமும் பார்வையின் விலையாகும்.