வண்டி வாங்கி ரெண்டே வருஷம்... அதுக்குள்ள ஸ்டியரிங் ஆடுதா?

குடும்பத்தோட போய் வர ஒரு எஸ்.யூ.வி. வாங்கியிருக்கீங்க. பிள்ளைங்க ஸ்கூல், மாசம் ஒருமுறை பழனி, ஆடியில குலதெய்வக் கோயில். மீட்டர் இன்னும் 30,000 கிலோமீட்டரைத் தொடவில்லை. அதற்குள் பல்லடம் ரோட்டு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன் சக்கரத்துப் பக்கம் 'டக்'னு ஒரு சத்தம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. சர்வீஸ் சென்டரில் ரேம்ப்பில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ் ரெண்டும் போச்சுங்க சார். இது வேர் அண்ட் டியர், வாரன்டியில வராது" என்று சொல்கிறார்கள்.

நம்மில் பெரும்பாலானோர் அந்த இடத்தில் பணத்தைக் கட்டிவிட்டுப் புலம்பிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடுகிறோம். "ஏனுங்க, வண்டி எடுத்து ரெண்டு வருஷங்கூட ஆகலீங்களே" என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் வாய்வார்த்தையாகக் கேட்டால் அது அந்தக் கவுன்டரோடு முடிந்துபோகும். எழுத்தில் கேட்டால் கடைசி வரை கூட வரும். அதை எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், என்னதான் போகிறது?

நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்த அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராட். அதன் முனையிலும், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் முனையிலும் இருப்பது பால் ஜாயின்ட். நம் தோள்பட்டை மூட்டு மாதிரி, ஒரு கிண்ணத்துக்குள் ஒரு குண்டு சுழலும். உள்ளே கிரீஸ் இருக்கும், மேலே ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். கதையே அந்த ரப்பர் உறையில்தான் இருக்கிறது. அது லேசாகக் கிழிந்தால் போதும், தண்ணீரும் மண்ணும் உள்ளே போய் கிரீஸைக் கெடுத்துவிடும். அப்புறம் இரும்போடு இரும்பு உரசித் தேயும். மெக்கானிக்குகள் 'பிளே வந்துருச்சு' என்று சொல்வது இந்தத் தேய்மானத்தைத்தான்.

புஷ் என்பது ஆர்ம் பொருத்தப்பட்ட இடத்தில் அதிர்ச்சியை வாங்கும் ரப்பர். அது வெடித்தால் பிரேக் போடும்போது வண்டி அலையும், டயரின் உள்விளிம்பு மட்டும் தேயத் தொடங்கும். சின்னச் சின்ன மேடுகளில் 'கட கட' சத்தம் வந்தால் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் ராடாக இருக்கும். அது சத்தம் போடும், ஆனால் உடனடி ஆபத்து குறைவு. பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இரண்டும் அப்படியல்ல. அவை கழன்றால் சக்கரம் உங்கள் பேச்சைக் கேட்காது. ஸ்டியரிங்கில் திடீரென்று தளர்வு தெரிந்தால் 'சர்வீஸ் சென்டர் வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடலாம்' என்று நினைக்காதீர்கள். நிறுத்திவிட்டு ரோட்சைடு உதவிக்கு அழையுங்கள்.

நீங்களே பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ரேம்ப்பில் சக்கரம் தொங்கும்போது இடம் வலமாகப் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ஆட்டம் தெரிந்தால் சந்தேகம் டை ராட் மேல். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். பக்கத்தில் நின்று போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் வெறும் ஜாக்கி மேல் வண்டியைத் தூக்கி வைத்து இதைச் செய்ய வேண்டாம்.

ரோடா, லோடா, ஃபேக்டரியா?

சண்டை எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான். வாரன்டி பொறுப்பேற்பது பொருளிலும் தயாரிப்பிலும் உள்ள குறைக்கு மட்டும். குழியில் விழுந்த அடிக்கும், அதிக பாரத்துக்கும் அது பொறுப்பேற்காது.

திருப்பூர்க்காரர்கள் இங்கே கொஞ்சம் மனசாட்சியோடு யோசிக்க வேண்டும். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட அதே வண்டியில், பின் சீட்டை மடக்கிவிட்டு நிட்டிங்கில் இருந்து காம்பாக்டிங்குக்கு நாலு ரோல், செக்கிங்குக்கு ரெண்டு பண்டல் என்று ஏற்றுவது நம்ம ஊரில் சகஜம். அவசரத்துக்கு ஒரு தடவை சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ரோல் 20 கிலோ என்று வைத்தால் 20 ரோல் 400 கிலோ. ஓட்டுபவரும் கூட ஒருவரும் சேர்ந்தால் 500 கிலோவைத் தாண்டும். ஐந்து பேர் உட்கார்ந்தால் 325 கிலோ சுமாருக்குத்தான் வரும். வண்டி எவ்வளவு தாங்கும் என்பது ஓனர்ஸ் மேனுவலில் இருக்கிறது. மொத்த எடை வரம்பில் இருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் மனிதர்களுக்கும் சாமானுக்கும் சேர்த்து உள்ள அளவு. தினமும் இதைத் தாண்டிவிட்டு 'புஷ் ஏன் போச்சு' என்று கேட்டால் பதில் நமக்கே தெரியும். அழகுக்காகப் பெரிய அலாய் வீல், அகல டயர் மாட்டியிருந்தாலும் அதே கதைதான்.

அப்படி எதுவும் செய்யாத வண்டி என்றால், வெளி அடி பட்டதற்கான அடையாளம் இருக்கிறதா என்று கேளுங்கள். பாகத்தையே உடைக்கும் அளவுக்குக் குழியில் அடி பட்டிருந்தால் பெரும்பாலும் ரிம் வளைந்திருக்கும், டயரின் பக்கவாட்டில் வீக்கமோ வெட்டோ இருக்கும், ஆர்ம் கோணலாகியிருக்கும். ரிம்மும் டயரும் சுத்தமாக இருக்க, இரண்டு பக்கமும் ஒரே பாகம் ஒரே மாதிரி தேய்ந்திருந்தால், 'ரோடுதான் காரணம்' என்ற பதில் அவ்வளவு எளிதில் நிற்காது.

ஃபேக்டரியிலேயே தப்பு நடக்குமா என்று கேட்டால், நடந்திருக்கிறது. சென்னை அருகே மறைமலைநகர் ஆலையில் 2017 மே, ஜூன் மாதங்களில் தயாரான ஈகோஸ்போர்ட் வண்டிகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவற்றை, முன்பக்க லோயர் கன்ட்ரோல் ஆர்மின் வெல்டிங்கைச் சோதிக்க ஃபோர்டு நிறுவனம் 2018-ல் திரும்ப அழைத்தது. 2023 ஜூலையில் மாருதி சுசுகி 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளை அழைத்தது. காரணம், ஸ்டியரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்ற சந்தேகம். 2021 ஜூலை 5 முதல் 2023 பிப்ரவரி 15 வரை தயாரானவை அவை. இரண்டையும் நிறுவனங்களே அறிவித்தன. ரீகாலில் சோதனைக்கும் பாகத்துக்கும் நீங்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை.

ஆகவே பணம் கட்டும் முன் செய்ய வேண்டிய முதல் வேலை, உங்கள் வண்டிக்கு ரீகால் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆர்.சி.யில் 17 எழுத்து, எண் கொண்ட சேசிஸ் நம்பர் இருக்கும். அதைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் அவசியம் பாருங்கள், ரீகால் கடிதம் பழைய ஓனர் வீட்டுக்கே போயிருக்கலாம்.

ஜாப் கார்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறது என்றால், அது இந்தப் பகுதியாக இருக்கட்டும்.

"சும்மா சத்தந்தாங்க, ஓட ஓட செட் ஆயிடும்" என்று அனுப்பிவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி போனால் வாரன்டி முடிந்திருக்கும். முன்னாடியே சொன்னேனே என்றால் கம்ப்யூட்டரில் எதுவும் இருக்காது. அதனால் சத்தம் முதலில் கேட்ட வாரமே போங்கள். 'ஜெனரல் செக்-அப்' என்று எழுதவிடாதீர்கள். "இத்தனை கிலோமீட்டரில், வேகத்தடையில் இறங்கும்போது முன் வலது பக்கம் சத்தம், ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறது" என்று நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே ஜாப் கார்டில் ஏற்றச் சொல்லுங்கள். தேதி, கிலோமீட்டர், உங்கள் புகார் மூன்றும் அதில் இருக்க வேண்டும். நகலை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாரன்டி கிடையாது என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள், காரணத்தோடு. எழுதித்தர மறுத்தால் அன்று மாலையே நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள், "இன்று இந்த ஊர் சர்வீஸ் சென்டரில் இப்படிச் சொன்னார்கள்" என்று. அதுவும் ஆவணம்தான். காசு கட்டி மாற்றினால் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரன்டியில் மாற்றினால் பாகத்தை அவர்களே வைத்துக்கொள்வார்கள், அதனால் முன்கூட்டியே படம் எடுத்துவிடுங்கள். பில்லில் பாக எண் இருக்கட்டும். அலைன்மென்ட் ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஒழுங்காகப் பராமரித்தீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி.

புகார் எங்கே?

முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். 88000 01915 என்ற வாட்ஸ்அப் எண்ணும் உண்டு. இங்கே பதிவாகும் புகார் நிறுவனத்துக்குப் போகும், பல சிக்கல்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீர்ப்பு சொல்லும் அதிகாரம் மட்டும் இதற்குக் கிடையாது.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வண்டியைக் கோவையில் வாங்கியிருந்தாலும் திருப்பூர் ஆணையத்தை நாடலாம். வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையம்தான். கட்டணம் பயப்படும்படி இல்லை: 5 லட்சம் வரை எதுவும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000. இ-ஜாக்ரிதி தளத்தில் போனிலிருந்தே தாக்கல் செய்யலாம், காணொலி விசாரணையும் கேட்கலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த நாளை நிரூபிப்பது எது என்று இப்போது உங்களுக்கே தெரியும். பாகத்தை ஆய்வகச் சோதனைக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதல் நாள் ஆகலாம், அதற்கும் தயாராக இருங்கள்.

என்ன கேட்பது என்பதிலும் நிதானம் வேண்டும். 'புது வண்டி கொடு' என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். கிளட்ச் பழுதான ஒரு மாருதி காருக்காக வந்த வழக்கில், பழுதான பாகத்தை மாற்றித் தருவதுதான் வாரன்டியின் கடமை, காரையே அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-ல் சொல்லிவிட்டது. பாகத்தின் விலை, கூலி, வண்டி நின்ற நாட்களுக்கான செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு என்று கேட்பது பலன் தரும்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க நிறுவனத்துக்கு உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். வாகன் தளத்தின் ரீகால் பகுதியில் ஓனர்கள் குறையைப் பதியலாம். ஒரே மாடலுக்குப் போதிய எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் விசாரணைக்கு வழி பிறக்கும். உங்கள் பில் பணம் இதில் திரும்ப வராது, ஆனால் அடுத்தவர் வண்டியில் அந்த டை ராட் கழலாமல் தடுக்கலாம்.

வண்டி கம்பெனி பேரில் இருந்தால்?

பனியன் கம்பெனி வைத்திருப்பவர்கள் பலர் குடும்ப வண்டியையும் கம்பெனி பேரிலேயே பதிவு செய்திருப்பார்கள். 'வணிக நோக்கத்துக்கு' வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது சட்டம். அதனால் நமக்கு உரிமை இல்லை என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். ஒதுங்கத் தேவையில்லை. இயக்குநரின் சொந்த உபயோகத்துக்காகக் கம்பெனி வாங்கிய ஒரு மெர்சிடிஸ் கார் வழக்கில், அது வணிக நோக்கம் ஆகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேர் யாருடையது என்பதைவிட, வண்டி எதற்காக ஓடியது என்பதுதான் பார்க்கப்படும். இங்கேதான் அந்த 20 ரோல் மறுபடி குறுக்கே வரும். சரக்கு ஏற்றிய வே பில்லில் உங்கள் எஸ்.யூ.வி. நம்பர் இருந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விடமாட்டார்.

குழிக்கும் ஒரு புகார்

ரோட்டுக் குழியால் அடி பட்டது உண்மை என்றால், அதையும் சொல்ல இடம் இருக்கிறது. மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் படத்தோடு பதியலாம். அவிநாசி, செங்கப்பள்ளி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 544-ல் என்றால் 1033. எந்தச் சாலை யாருடையது என்றே தெரியவில்லையா, முதல்வரின் உதவி மையம் 1100-ல் சொல்லுங்கள், உரிய துறைக்கு அனுப்பிவைப்பார்கள். மழைக்காலத்தில் நொய்யல் தரைப்பாலங்களில் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டியிருந்தால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்காமல் ரேம்ப்பில் ஏற்றி அந்த ரப்பர் உறைகளை மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலைதான்.