சுண்ணாம்பு மலையைத் தின்பது யார்?

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் போர்ட்டிக்சன்தான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைக் கரையில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டு, மாலையில் காலணி நிறைய மணலோடு திரும்புவோம். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே போனால் தஞ்சோங் துவான். கலங்கரை விளக்கம் நிற்கும் அந்தக் குன்றைப் பலரும் நம் மாநிலத்தைச் சேர்ந்தது என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது மலாக்காவுக்குச் சொந்தமான நிலம். காட்டுப் பாதையில் ஏறி இறங்கினால் பாறைகளுக்கு நடுவே ஒதுங்கிக் கிடக்கும் சின்னச் சின்ன மணற்பரப்புகளைப் பார்க்கலாம்.

இப்போது லங்காவியின் படம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். கடலிலிருந்து சுவர்போல நேராக எழும் மலைகள். அடிப்பகுதி மட்டும் யாரோ கடித்து எடுத்ததுபோல உள்வாங்கியிருக்கும். உள்ளே குகைகள், குகைக்கு அப்பால் வெளியில் தெரியாத குளங்கள், கரைகள். தஞ்சோங் துவானிலும் கடல் இருக்கிறது, அலை இருக்கிறது, மழை இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட மலைகள் அங்கு இல்லை. ஏன்?

பாறைதான் வேறு. தஞ்சோங் துவானில் இருப்பது குவார்ட்சு மிகுந்த கடினமான பாறை. அலை மோதி மோதித்தான் அதை உடைக்க வேண்டும். லங்காவியின் கிலிம் பகுதியில் இருப்பது சுண்ணாம்புக்கல். அதை உடைக்கத் தேவையில்லை, கரைத்தாலே போதும்.

கல் கரையுமா என்று கேட்பீர்கள். அதற்கான விடையை உங்களில் பலர் ஆய்வுக்கூடத்தில் பாதி வரை பார்த்திருப்பீர்கள். தெளிந்த சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழாய் வழியே ஊதினால் அது பால்போல வெளுக்கும். மூச்சில் கரிவளி இருப்பதற்கு அதுதான் அடையாளம் என்று எழுதிவிட்டு, ஊதுவதை நிறுத்திவிடுவோம். பரீட்சைக்கு அவ்வளவுதான் வேண்டும். சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது.

அடுத்த முறை நிறுத்தாமல் ஊதிப் பாருங்கள். சுண்ணாம்பு நீரில் நிறையத் தண்ணீர் கலந்து மெலிதாக்கிக்கொண்டால் எளிது. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, அடியில் படியவிட்டு, மேலே தெளிந்ததை எடுத்தாலும் அதே நீர்தான். கண்ணில் படக்கூடாது, குழாயில் உறிஞ்சவும் கூடாது, ஊத மட்டுமே வேண்டும். முதலில் வெளுக்கும். நெடுநேரம் ஊதினால் அந்த வெண்மை மெல்ல மறைந்து தண்ணீர் மறுபடியும் தெளியும். அவ்வளவு மூச்சு இல்லாதவர்கள், வெளுத்த நீரில் இனிப்பில்லாத சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம்.

முதலில் தோன்றிய வெண்பொடி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் அதே பொருள்தான். அதாவது, குழாயில் ஊதி ஒரு சிட்டிகை மலையை நீங்கள் உண்டாக்கிவிட்டீர்கள். மேலும் கரிவளி சேர்ந்ததும் நீர் காடித்தன்மை பெற்று, அந்தப் பொடியைக் கால்சியம் ஹைட்ரஜன் கார்பனேட்டாக மாற்றியது. இது நீரில் கரையும். ஆகவே மலை மறைந்துவிட்டது. தெளிந்த அந்த நீரைக் கொதிக்க வைத்தால் கரிவளி வெளியேறி வெண்பொடி மீண்டும் தோன்றும். குகைக் கூரையிலிருந்து விழுதுபோலத் தொங்கும் கற்களும் இந்த வழியில்தான் உருவாகின்றன. அங்கே கொதிப்பு இல்லை. கூரையில் துளித்து நிற்கும் நீரிலிருந்து கரிவளி காற்றில் கலக்க, சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

பத்துமலையில் 272 படிகள் ஏறி மூச்சு வாங்க நிற்கும்போது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அந்தப் பெருங்குகையைத் தண்ணீர் இப்படிக் கரைத்துத்தான் குடைந்தது. மழை காற்றிலுள்ள கரிவளியைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு விழுகிறது. தூய மழைநீரின் பி.எச். அளவே சுமார் 5.6தான். அது காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் புளிக்கிறது. வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால், மண்ணின் இடைவெளிகளில் வெளிக்காற்றைவிடப் பல மடங்கு கரிவளி தேங்கியிருக்கும். மலை மேல் வளரும் காடே தன் மலையைக் கரைக்க உதவுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

சரி, கடலோரத்துக்கு வருவோம். மழை மேலிருந்து கரைக்கிறது. அப்படியானால் அடியில் இருக்கும் அந்தக் கடித்த பள்ளம்? வகுப்பில் கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் “கடல் நீர் கரைத்தது சார்” என்பார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கடல் நீரின் பி.எச். சுமார் 8.1. அது காடி இல்லை, இலேசான காரம். அதோடு, நம் வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு நீரில் கால்சியம் கார்பனேட் ஏற்கெனவே நிறைவாக இருக்கிறது. சர்க்கரை அளவுக்கு மேல் போட்ட தேநீரில் இன்னும் ஒரு கரண்டி கரையுமா? அதுபோலத்தான் இதுவும்.

கடித்ததுபோல இருக்கிறது என்றேன் அல்லவா? உண்மையிலேயே கடிப்பவர்கள் இருக்கிறார்கள். நீர் ஏறி இறங்கும் உயரத்தில் பாறையைக் கூர்ந்து பார்த்தால் தொப்பி கவிழ்த்ததுபோன்ற ஓடுடைய நத்தைகளும், முதுகில் எட்டுத் தகடுகள் கொண்ட சிட்டன் என்ற உயிரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். பாறையின் மேற்பரப்பிலும், அதன் துளைகளுக்குள்ளேயும் நீலப்பசும்பாசி வளர்கிறது. அந்தப் பாசியைச் சுரண்டித் தின்னும்போது, இவை கல்லையும் சேர்த்துச் சுரண்டுகின்றன. சிட்டனின் பற்களில் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது பூச்சாக இருக்கிறது. அதனால் கல்லைச் சுரண்டியும் பல் தேயாமல் உழைக்கிறது. கல்லைத் துளைத்துக் குடியிருக்கும் சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் இந்த வேலையில் சேர்ந்துகொள்கின்றன. அலையும், நனைந்து காயும் உப்பும் துணை செய்கின்றன. எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் பாறை உள்வாங்கலாம். உங்கள் கை நகம் பத்தே நாளில் அவ்வளவு வளர்ந்துவிடும். ஆனால் நத்தைகளுக்கு அவசரமில்லை. ஆயிரம் ஆண்டு போனால் ஒரு மீட்டர்.

கிலிம் ஆற்றுமுகத்தில் படகில் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே, நத்தைகள் எட்ட முடியாத உயரத்திலும் இதே போன்ற பள்ளக்கோடு சில இடங்களில் தெரியும். அங்குள்ள வௌவால் குகையின் சுவரில் பழைய சிப்பி ஓடுகள் தலைக்கு மேலே ஒட்டியிருக்கின்றன. யாரும் ஏணி வைத்து ஒட்டவில்லை. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்தது. அன்று சிப்பிகள் வாழ்ந்த இடம் இன்று வௌவால்களின் வீடு. பாறையின் வயதோ 400 மில்லியன் ஆண்டுகளுக்கும் மேல். இப்படிப்பட்ட சான்றுகளுக்காகத்தான் லங்காவி 2007ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஆதரவு பெற்ற உலகப் புவிப்பூங்காக்களின் வரிசையில் சேர்ந்தது. தென்கிழக்கு ஆசியாவில் முதலில் அந்தத் தகுதி பெற்றது அதுதான்.

மறைந்த கரைகள் எப்படி உண்டாகின்றன என்று இப்போது நீங்களே ஊகித்திருப்பீர்கள். மழைநீர் மலையின் நடுவில் பெரிய குகையைக் குடைகிறது. ஒருநாள் கூரை தாங்காமல் இடிந்து விழுகிறது. சுற்றிலும் சுவர், மேலே வானம் என ஒரு கிணறு மிஞ்சுகிறது. தாயாங் புந்திங் தீவின் ஏரியை இந்த நிலையில் பார்க்கலாம். அங்குள்ள கல் பூமிக்குள் சூடேறிப் பளிங்காக மாறிய சுண்ணாம்புக்கல். மாறினாலும் அதே கால்சியம் கார்பனேட்தான் என்பதால் கரைவதில் குறைவில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மிகக் குறுகிய இடத்தில் சில பத்து மீட்டர் சுவர்தான் நிற்கிறது. சுவருக்கு இந்தப் பக்கம் நன்னீர், அந்தப் பக்கம் உப்புநீர்.

அந்தச் சுவரில் கடல் துளை போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை லங்காவிக்கு வடக்கே, தாய்லாந்தின் திராங் மாநிலத்தில் பார்க்கலாம். மூக் தீவின் மரகதக் குகையில் இருட்டான நீர்ச்சுரங்கம் வழியே நீந்திப் போனால், மறுபுறம் மலைச்சுவர் சூழ்ந்த வெண்மணல் கரை. வழி திறந்திருப்பது நீர் இறங்கும் வேளையில்தான். கடல் ஏறினால் சுரங்கத்தின் வாய் அடைபடும். இப்படிப்பட்ட இடங்களுக்குப் போகிறவர்கள் அன்றைய ஏற்ற இறக்க நேரத்தைப் படகோட்டியிடம் கேட்காமல் உள்ளே நுழையக்கூடாது.

நான் ஒரு தவறு செய்ததையும் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை லங்காவிக்கு அழைத்துப் போனபோது நல்ல வெயில். மலையடியில் அந்தக் கடித்த பள்ளத்துக்குக் கீழே அழகான நிழல். இருபது பேரையும் அங்கே உட்காரவைத்து நாசி லெமாக் பொட்டலங்களைப் பிரிக்கச் சொன்னேன். படகோட்டி ஓடி வந்தார். “சிக்கு, அங்கே வேண்டாம், எழுப்புங்கள்” என்று மலாயில் சொல்லிவிட்டு, விரலால் மேலே காட்டினார். தலைக்கு மேலே ஒரு லாரி அளவு பாறை எதிலும் தாங்காமல் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். பத்து மீட்டர் தள்ளி, முன்பு விழுந்த பாறை ஒன்று தண்ணீரில் கிடந்தது. வகுப்பில் படம் வரைந்து பாடம் நடத்தியவன் நான். படத்தில் இருந்ததற்குக் கீழேயே பிள்ளைகளை உட்காரவைத்திருக்கிறேன்.

விரிசல் வழியே மழைநீர் இறங்கிப் பாறையைப் பின்னாலிருந்து பிரிக்கிறது. நத்தைகள் அடியைத் தின்று தாங்குதலை எடுத்துவிடுகின்றன. ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. விழுந்த பிறகு புதிய முகம் மறுபடியும் நேர்ச்சுவராக நிற்கும். நாம் படம் எடுத்து ரசிக்கும் அந்தச் செங்குத்துச் சுவரே, முன்பு விழுந்த பாறைகள் விட்டுப்போன தழும்பு. கடல் இல்லாத இடத்திலும் இது நடக்கும். ஈப்போவில் குனோங் செரோ சுண்ணாம்பு மலையிலிருந்து 1973ஆம் ஆண்டு பெரும்பாறை பெயர்ந்து அடியில் இருந்த குடியிருப்பின் மேல் விழுந்தது. சுமார் 40 பேர் இறந்தார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் சிலருக்கு அந்தச் செய்தி நினைவிருக்கும்.

ஆகவே அங்கே போகும்போது, பாய் விரிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பாறை, மேலிருந்து இறங்கும் விரிசல், காலடியில் கூரான விளிம்போடு புதிதாக விழுந்த வெளிர்நிறக் கற்கள் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவதே மேல். கனமழை பெய்த மறுநாள் இன்னும் கவனமாக இருங்கள்.

லங்காவி போக எல்லாருக்கும் வசதிப்படாது. போர்ட்டிக்சன் போதும். அடுத்த முறை அங்கிருந்து ஒரு கைப்பிடி மணலும் உடைந்த சிப்பி ஓடு ஒன்றும் எடுத்து வாருங்கள். இரண்டையும் நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனிக் கண்ணாடிக் குவளையில் போட்டு, மூழ்கும்வரை சமையலறைச் சூக்காவை ஊற்றுங்கள். சிப்பி ஓட்டின்மேல் உடனே சின்னக் குமிழிகள் எழும். அது கரிவளி. மணலில் பெரும்பகுதி குவார்ட்சு என்பதால் சும்மா கிடக்கும். அதிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துகள்கள் குமிழி விட்டால் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு பாருங்கள். அவை மணல் இல்லை, நொறுங்கிய ஓடுகள். இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டு, காலையில் சிப்பி ஓட்டை எடுத்து விரலால் தடவிப் பாருங்கள்.