தம்பி சீறுறானா? தனியே விடாதீங்க!

தங்கச்சிமாரே, எந்நேரமும் எரிந்துவிழும் தம்பியை "திமிர் பிடிச்சவன்" என்று ஒதுக்காதீங்க. பதின்ம வயதில் மனச்சோர்வு கோபமாகவும் வெளிவரும். 2 கிழமைக்கு மேலாக நித்திரை குழம்பி, சாப்பாடு இறங்காமல், ஆசையாக விளையாடிய கிரிக்கெட்டையும் விட்டுவிட்டுத் தொட்டதற்கெல்லாம் சீறினால், உதவி தேடுங்க. தன் வயதுப் பெடியளோடு இருந்து கதைக்கும் குழுச் சிகிச்சை, "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணத்தை உடைக்கும்.

1. முதலில் மருத்துவர்: திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காட்டுங்க. பெடியளுக்குக் குழு அமர்வு நடக்கிறதா என்று அங்கேயே கேளுங்க. சாக நினைப்பவனுக்கும் போதைப்பொருளில் மூழ்கியவனுக்கும் தனிச் சிகிச்சைதான் முதலில் வேண்டும்.

2. பக்கத்தில் நடந்தபடி சொல்லுங்க: முகத்துக்கு நேரே உட்காரவைத்து விசாரித்தால் வாய் திறக்க மாட்டான். பின்னேரம் டச்சு பே கடற்கரையில் கூட நடங்க. "உன்னில பிழையில்லடா தம்பி, ஒருக்கா வந்து பார்" என்றால் போதும்.

3. துருவாதீங்க: குழுவில் கதைத்தது வெளியே போகாது என்ற நம்பிக்கையில்தான் பெடியன் மனம் திறப்பான். உயிராபத்து என்றால் மட்டும் நடத்துபவரே வீட்டாருக்குச் சொல்வார். வீட்டுக்கு வந்ததும் "என்ன சொன்னாய்?" என்று கேட்காமல், தேத்தண்ணி போட்டுக் கொடுங்க.

4. இடையில் நிறுத்தாதீங்க: முதல் நாள் பேசாமல் இருந்துவிட்டு வருவான். பரவாயில்லை, மற்றவர்கள் சொல்வதைக் கேட்பதும் சிகிச்சைதான். ரியூசனைக் காட்டி அமர்வைத் தவறவிடாதீங்க.

5. வீட்டையும் ஆற்றுங்க: வடக்கில் போர் பாதித்த 9 முதல் 12 வயதுவரையான 399 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு 2012இல் வெளியானது. பாடசாலையில் 5 கிழமைக்குள் 15 குழு அமர்வுகள் நடந்தன. முரட்டு நடத்தை குறைந்தது. ஆண்பிள்ளைகளின் பதகளிப்பிலும் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆனால் போரின் நெருக்கடி அப்போதும் தொடர்ந்த பிள்ளைகளுக்குப் பலன் குறைவு. எங்கட வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. அடியும் ஏச்சும் குடிச்சண்டையும் நிற்காத வீட்டில், குழு கொடுத்த ஆறுதல் நிலைக்காது. அப்பாவிடமும் இதைத் தெளிவாகச் சொல்லுங்க.

6. சாகப்போறன் என்றால்: வெருட்டு என்று தட்டிக்கழிக்காமல், தனியே விடாமல், உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்க. தேசிய மனநல உதவி இலக்கம் 1926, 24 மணிநேரமும் இயங்கும்.

"ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது" என்ற பேச்சை இன்றோடு உங்கள் வீட்டில் நிறுத்துங்க. இந்தக் கிழமையே தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்க.