முதலில் செடி, பிறகு கருவி

மூலிகை ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வாரமே, சாற்றின் சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. கருவி முன் உட்காரத்தான் எல்லோருக்கும் ஆசை. எம்.பார்ம். முடித்தவர்கள் அதைச் சில மாதங்களில் பழகிக்கொள்வார்கள். வேலையில் நிலைப்பது செடியைத் தெரிந்தவர்தான்.

சிங்ஹாவ் செடியிலிருந்து சீனா எடுத்த மலேரியா மருந்து ஆர்ட்டெமிசினினின் கதையைப் பாருங்கள். மலேரியாவுக்கு மருந்து தேடி 1967 மே 23 அன்று 523 திட்டம் தொடங்கியது. பெய்ஜிங்கில் து யூயூவின் குழு சோதித்த சிங்ஹாவ் செடியின் சாறு எலிகளிடம் ஒருமுறை பலித்தது, அடுத்தமுறை காலை வாரியது. து யூயூ பழைய நூல்களைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் எழுதிய அவசரச் சிகிச்சைக் கையேட்டில், ஒரு பிடி சிங்ஹாவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கும் பேச்சே இல்லை! சூட்டில்தான் சரக்கு கெடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, 35 டிகிரிக்குள் கொதித்துவிடும் ஈதருக்கு மாறினார். அமிலப் பகுதியை நீக்கினார். 1971 அக்டோபர் 4 அன்று 191ஆம் எண் சாறு எலிகளின் மலேரியா ஒட்டுண்ணியை முழுசாக ஒழித்தது. 2015இல் து யூயூவுக்கு நோபல் பரிசு.

இதில் உங்களுக்கான பாடம் எண்ணில் இருக்கிறது. தோற்ற சாற்றுக்கும் எண் போடுங்கள். கரைப்பான், சூடு, நேரம் எல்லாவற்றையும் அன்றைக்கே நோட்டில் ஏற்றுங்கள். எந்த உறுப்பு, எந்த ஊர் என்பதும் முக்கியம். சிங்ஹாவில் மருந்து இலையில்தான் இருந்தது. பெய்ஜிங் வட்டாரச் செடியிலோ அதுவும் கொஞ்சம்தான்.

பெயர் மாறினால் ஆளே போய்விடும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேருக்குப் பதில், சீனப் பெயரில் அதை ஒத்த அரிஸ்டோலோகியா ஃபாங்சி கலந்துவிட்டது. அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயும் உண்டாக்கும். ஆகவே சந்தையில் வாங்கிய வேரைத் தாவரவியலாளரிடம் காட்டி உறுதிசெய்யாமல் அரைக்காதீர்கள். உலர்த்திய மாதிரி ஒன்றை எண்ணுடன் ஹெர்பேரியத்தில் சேருங்கள். அந்த எண் இல்லாத கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொரு பொறி, செல் தட்டில் கிடைக்கும் அழகான முடிவு. சீனர்கள் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்த கோப்டிஸ் வேரின் பெர்பெரின், தட்டில் ஏராளமான நோய்களுக்கு வேலை செய்கிறது. வாய்வழி கொடுத்தால் இரத்தத்தில் சேர்வது சொற்பம். தட்டில் நீங்கள் ஊற்றிய செறிவு உடம்பில் எட்டக்கூடியதா என்று கணக்குப் போட்ட பிறகு வழிகாட்டியிடம் போங்கள். முன்பே ஓடினால் அவர் கேட்கப்போவது அதைத்தான்.

படிப்பைப் பொறுத்தவரை பார்மகாக்னசி, மருந்தியல், வேதியியல், தாவரவியல் எதுவானாலும் வழி உண்டு. ஆராய்ச்சி ஒத்துவராதவர்களுக்கு மூலிகை நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இருக்கிறது. அங்கும் போலிச் சரக்கைக் கண்டுபிடிப்பவருக்கே மதிப்பு. நேர்முகத்துக்குப் போனால் மாதிரி அலமாரியைக் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினார்களானால் வேறு இடம் பாருங்கள்.